நீர் அளக்காத ஓடைக்கு அளவுருக்களை எங்கே தேடுவது? நீலகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஓடையை ஆய்வுக்கு எடுத்திருக்கும் முதுகலை மாணவி ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மழைநீர் வடிந்து வரும் நிலப்பரப்பு, அதாவது நீர்ப்பிடிப்பு அல்லது படுகை, சுமார் 20 சதுர கிலோமீட்டர். மழைப் பதிவு ஓரளவு கையில் இருக்கிறது, மழையிலிருந்து ஓடை நீரைக் கணக்கிடும் கணினி மாதிரியை ஓட்டவும் தெரிகிறது. ஆனால் அந்த ஓடையில் போகும் நீரை இதுவரை யாரும் அளந்து எழுதி வைத்ததில்லை. ஒப்பிட்டுத் திருத்த ஒன்றுமே இல்லாதபோது அளவுருக்களுக்கு, அதாவது மாதிரிக்குள் ஓடைக்கு ஓடை மாறும் அமைப்புகளுக்கு, என்ன எண் போடுவது என்பது அவர் கேள்வி. ஒரு வாரம் கழித்து, ஊராட்சிப் பணிகளைப் பார்க்கும் பொறியாளர் ஒருவர் 4 சதுர கிலோமீட்டர் பள்ளத்தின் குறுக்கே சிறுபாலம் கட்ட எவ்வளவு வெள்ளத்தைக் கணக்கில் எடுப்பது என்று கேட்டார். குன்னூர் பக்கத்து ஊர் ஒன்றின் குடிநீர்க் குழுவும் எழுதியிருந்தது: மாசி, பங்குனியில் எங்கள் ஓடை எவ்வளவு தரும்?

மூன்றும் ஒரே சிக்கலிலிருந்து கிளைத்தவை. ஆனால் மூவருக்கும் ஒரே வழியைச் சொன்னால் அதில் இரண்டு பேருக்காவது கெடுதல்தான் செய்வேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஜிஆர்4ஜே என்ற எளிய தினசரி மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கே அளவுருக்கள். மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கும் என்பது ஒன்று. நிலத்தடியில் பக்கத்துப் படுகையோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் இரண்டாவது. மெல்ல வடிகிற நீர்க் கிடங்கின் கொள்ளளவு மூன்றாவது. பெய்த மழை ஓடையை வந்து சேர எடுக்கும் காலம் நான்காவது. மாதிரியை உருவாக்கியவர்கள் 429 படுகைகளில் ஓட்டிப் பார்த்தபோது நடு மதிப்புகளாக 350 மி.மீ., 0, 90 மி.மீ., 1.7 நாள் என்று வந்தன. இந்த 350 மில்லிமீட்டரை எந்த மண்வெட்டியாலும் தோண்டி அளக்க முடியாது. ஓடையில் அளந்த நீரோடு மாதிரி தரும் நீரை ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும்வரை எண்ணைத் திருத்திப் பெறுவதுதான் வழக்கம். அளந்த நீரே இல்லையென்றால் அந்த வழி அடைபடுகிறது. சர்வதேச நீரியல் அறிவியல் சங்கம் 2003 முதல் 2012 வரை ஒரு முழுப் பத்தாண்டை இந்த ஒரு சிக்கலுக்காகவே ஒதுக்கியது.

எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். முதலாவது, உங்களுக்கு வேண்டியது என்ன: வெள்ளத்தின் உச்சமா, ஆண்டு முழுவதற்குமான நீரா, கோடையில் கசியும் நீரா? ஒன்றைச் சரியாகத் தரும் வழி இன்னொன்றில் அடியோடு தவறலாம். இரண்டாவது, அந்த வழி கேட்கும் தரவு மலையில் கிடைக்குமா? மூன்றாவது, தவறு நடந்தால் அது கண்ணுக்குத் தெரியுமா? இதற்குத்தான் நான் அதிக எடை தருவேன். எண் தப்பாக இருப்பதைவிட, தப்பு என்று தெரியாமல் அதை நம்பிக் கட்டிவிடுவது ஆபத்து. நான்காவது, நாளும் பணமும் நடையும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் மழையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய வானிலைத் துறையின் கட்டமிட்ட மழைத் தரவில் ஒரு கட்டம் கால் பாகை, அதாவது நம் அட்சரேகையில் சுமார் 750 சதுர கிலோமீட்டர். நீலகிரி மாவட்டமே சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். ஒரே கட்டத்துக்குள் மழை கொட்டும் முகடும் மழை மறைவுப் பகுதியும் சேர்ந்தே விழுந்துவிடும். அந்தச் சராசரி மழையை உள்ளே கொடுத்தால் எந்த அளவுருவும் ஓடையைக் காப்பாற்றாது. எஸ்டேட் மழைமானிப் பதிவு கிடைத்தால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். பல தோட்டங்களில் அக்கறையோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

வழி 1: பக்கத்துப் படுகையிடம் கடன் வாங்குவது

நீரளவு நிலையம் உள்ள அக்கம்பக்கத்துப் படுகையில் மாதிரியைத் திருத்தி, அந்த அளவுருக்களை அப்படியே நம் ஓடைக்குப் போடுவது. பக்கத்தில் இருப்பவை ஒரே மழை, ஒரே பாறை, ஒரே மண்ணைக் கொண்டிருக்கும் என்ற நம்பிக்கைதான் அடிப்படை. பிரான்சில் 913 படுகைகளை வைத்துச் செய்த பெரிய ஒப்பீட்டில் இந்த எளிய வழிதான் முதலிடம் பிடித்தது. ஆனால் அங்கே நிலையங்கள் நெருக்கமாக இருந்தன. நிலையங்களைக் குறைத்துக்கொண்டே போனபோது இந்த வழியின் சாதகமும் தேய்ந்தது.

நீலகிரியில் நிலையங்கள் அடிவாரத்தில் இருக்கின்றன. மாயாற்றை தெங்குமரஹாடாவிலும் பவானியை நெல்லித்துறையிலும் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. இரண்டுமே பெரிய படுகைகள். மேலே பைக்காராவும் குந்தாவும் அணைகளாலும் சுரங்கங்களாலும் மின்நிலையங்களாலும் ஆளப்படும் ஆறுகள். கீழே அளக்கும் நீரில் மழை எவ்வளவு, மின்வாரியம் திறந்துவிட்டது எவ்வளவு என்று பிரிக்காமல் அங்கே திருத்திய அளவுரு, மலையின் குணத்தோடு மின்தேவையின் குணத்தையும் சேர்த்தே தூக்கி வரும். பிரித்தெடுக்க அணை இயக்கப் பதிவு வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதற்கே மாதங்கள் ஆகலாம். இந்த வழியின் மறைவான செலவு அதுதான்.

இன்னொன்று, இங்கே தூரம் கண்ணை ஏமாற்றும். மேற்கே கூடலூரும் அவலாஞ்சியும் தென்மேற்குப் பருவத்தில் நனைபவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் பெய்தது. கிழக்கே குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவத்தை நம்பியவை. 2009 நவம்பரில் அந்தப் பக்கம் கொட்டிய மழையில் சரிந்த மண்ணை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வரைபடத்தில் இடைவெளி 30, 40 கிலோமீட்டர்தான். அளவுரு என்பது நிலத்தின் குணம், மழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிலத்தின் குணம் மட்டுமாக அது இருந்தால் நல்லதுதான். கடன் கொடுத்த படுகையில் மழைமானி குறைவாகக் காட்டியிருந்தால், திருத்தும்போது இரண்டாவது அளவுரு கூடி அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கும். அதை நம் ஓடைக்குக் கொண்டுவந்தால், இங்கே இல்லாத குறைக்கும் ஈடு கட்டும்.

நானே இதில் தவறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மேற்குச் சரிவுப் படுகை ஒன்றின் அளவுருக்களைக் கிழக்குச் சரிவு ஓடைக்குப் போட்டேன். ஆண்டு மொத்தம் நம்பும்படி வந்தது, எனக்கு நிறைவாகவும் இருந்தது. பிப்ரவரியில் நல்ல நீர் ஓடும் என்ற அட்டவணையை ஊர்க்காரர்களிடம் காட்டியபோது ஒரு பாட்டி சொன்னார்: "மாசி மாசம் அந்த ஓடைல குடம் முங்காதுங்க தம்பி." போய்ப் பார்த்தேன். முங்கவில்லை. அளக்காத ஓடையில் தவறைப் பிடித்துச் சொல்ல வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த வழி எப்போது நல்லது? அணை குறுக்கிடாத, ஒரே சரிவில், ஒரே பருவமழையில் நனையும் படுகை பக்கத்திலேயே கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

வழி 2: குணம் ஒத்த படுகையிடம் கடன் வாங்குவது

தூரத்தை விட்டுவிட்டு ஒற்றுமையைத் தேடுவது. நீலகிரிக்கு நான் பார்ப்பவை இவை: ஆண்டு மழையில் ஐப்பசி, கார்த்திகைப் பங்கு எவ்வளவு, சராசரிச் சரிவு, மண்ணின் ஆழம், பரப்பு, சோலை, புல்வெளி, தேயிலை, மலைக்காய்கறி, கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆகியவற்றின் பங்கு.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். கிளன்மார்கனில், உதகை மண்வள ஆராய்ச்சி மையம் 1968 முதல் தலா 32 ஹெக்டேர் கொண்ட இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை அருகருகே வைத்து அளந்தது. 1972-ல் ஒன்றில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நட்ட பக்கத்தின் ஆண்டு நீர் வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் தழைத்த இரண்டாம் சுழற்சியில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. கோடை நீர் அதைவிடக் கடுமையாக அடி வாங்கியது. ஒரே மழை, ஒரே மண், ஒட்டியே இருக்கும் நிலம், மரம் மட்டும் வேறு, அதற்கே இவ்வளவு. கடன் கொடுக்கும் படுகை புல்வெளியாகவும் நம் ஓடை கற்பூரக் காடாகவும் இருந்தால், தூரம் ஒரு கிலோமீட்டரே ஆனாலும் அது நமக்கு அந்நியம்.

மறுபக்கம், கோத்தகிரி ஓடைக்கு உறவு பழனி மலையில் கிடைக்கலாம். அங்கேயும் நீலகிரியைப் போலவே சார்னோகைட் என்ற கடினப் பாறை, அங்கேயும் வடகிழக்குப் பருவத்தின் கை ஓங்கியது. மஞ்சளாறு, பரப்பலாறு போன்ற அடிவார அணைகளின் நீர்வரத்துப் பதிவை முயன்று பார்க்கலாம். இப்படிப்பட்ட நீர்வரத்து பெரும்பாலும் நேரடியாக அளந்ததல்ல. நீர்மட்ட மாற்றத்தையும் திறந்துவிட்டதையும் வைத்துக் கணக்கிட்டது. கோடையில் அந்தக் கணக்கின் பிழை நீரின் அளவைவிடப் பெரிதாகிவிடும். ஆண்டு மொத்தத்துக்கும் மழைக்காலத்துக்கும் மட்டும் நம்புங்கள்.

இங்கே ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் சொல்வேன். ஒரு படுகையிலிருந்து எடுத்தால் நான்கு அளவுருக்களையும் சேர்த்தே எடுங்கள். அவை ஒன்றுக்கொன்று அனுசரித்துக் கிடைத்த எண்கள். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்து சமன் செய்திருக்கும். ஐந்து படுகைகள் ஒத்து வந்தால், அளவுருக்களைச் சராசரி பார்க்காமல், ஐந்து தொகுதிகளையும் தனித்தனியே ஓட்டி, வரும் ஐந்து நீரோட்டங்களைச் சராசரி பாருங்கள். அந்த ஐந்தும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு உங்கள் அறியாமை. தவறின் பருமனை ஓரளவு கண்ணுக்குக் காட்டுவதால்தான் முதல் வழியைவிட இதை மேலாக நினைக்கிறேன்.

செலவு? தேடல்தான். ஒத்த படுகைகளின் தரவைச் சேர்த்து ஒவ்வொன்றிலும் மாதிரியைத் திருத்த மூன்று, நான்கு மாதம் ஆகும். மண் வரைபடங்கள் இந்த மலைக்குப் பரும்படியானவை. எது ஒற்றுமை என்று முடிவு செய்வதில் நம் விருப்பமும் கலந்துவிடும் என்பதால், எந்தக் குணங்களை ஏன் எடுத்தீர்கள் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

வழி 3: சமன்பாடு

பல படுகைகளின் அளவுருக்களை அவற்றின் சரிவு, பரப்பு, மழை முதலியவற்றோடு தொடர்புபடுத்திச் சமன்பாடு எழுதி, நம் ஓடையின் குணங்களைப் போட்டு எண் எடுப்பது. ஆய்வேட்டில் அழகாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு அளவுருவையும் தனித்தனியே கணிப்பதால், மேலே சொன்ன அனுசரணை உடைந்துபோகிறது. சொன்ன பிரெஞ்சு ஒப்பீட்டில் கடைசி இடம் இதற்குத்தான். நல்ல சமன்பாட்டுக்குப் பல பத்து படுகைகள் வேண்டும். நம் மலைகளில் அவ்வளவு இல்லை. வேறு நாட்டுச் சமன்பாட்டை இங்கே கொண்டுவருவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வழி 4: கர்வ் நம்பர் அட்டவணை

அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1950-களில் கொண்டுவந்த முறை இது. பெய்த மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்பதை ஒரே எண்ணில் அடக்கிவிடும். மண் வகையையும் நிலப் பயன்பாட்டையும் பார்த்து அட்டவணையில் ஓர் எண் எடுத்தால் வேலை முடிந்தது. அளந்த நீரே வேண்டாம். அரசு மதிப்பீடுகளில் பழகிய முறை என்பதால் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள். நேரமும் பணமும் மிச்சம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மி.மீ. மழைக்கு எண் 70 என்றால் வழிந்தோடும் நீர் சுமார் 33 மி.மீ. எண் 80 என்றால் சுமார் 50 மி.மீ. பத்து எண் தள்ளிப்போனால் நீர் ஒன்றரை மடங்கு. அப்படியென்றால் தேயிலைத் தோட்டத்துக்கு என்ன எண்? அட்டவணையில் தேயிலை இல்லை. ஒருவர் பழத்தோட்டம் என்பார், இன்னொருவர் காடு என்பார். வடிகால் வெட்டிய சரிவில் இரண்டும் பொருந்தாது. மண் வகையிலும் இதே தடுமாற்றம்தான். களி கலந்தது என்று பார்த்து நீர் இறங்காத பிரிவில் போட்டுவிடுவார்கள். சோலைக்கடியில் இலைமக்கு ஏறிய மண்ணில் நின்று பாருங்கள், மழை மேலே ஓடாமல் அப்படியே உள்ளே இறங்கி, சரிவுக்குள்ளேயே நடந்து ஓடையைச் சேரும். தரைமேல் வழிவதை வைத்து எழுதிய முறை அந்த நடையைப் பார்ப்பதில்லை. கோடை நீரைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

ஆகவே இதை ஒற்றை மழையின் வெள்ளத்துக்கு மட்டும், அதுவும் 65, 75, 85 என்று மூன்று எண்களை வைத்து ஓட்டி, வரும் இடைவெளியைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு மட்டுமே சொல்வேன். குடிநீர்க் குழு இதைத் தொட வேண்டாம்.

செயற்கைக்கோளில் ஆவியாதலையும் மண் ஈரத்தையும் எடுத்து அளவுருக்களைத் திருத்தலாமே என்றும் கேட்கிறார்கள். சமவெளிப் பெரும் படுகைகளுக்குப் பயன்படும். நம் மலையில் நமக்கு வேண்டிய மாதங்களில் மேகம் மூடிக் கிடக்கும், மண் ஈரத் தரவின் ஒரு புள்ளியே பல கிலோமீட்டர் அகலம். 20 சதுர கிலோமீட்டர் ஓடைக்குத் துணைச் சாட்சியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

வழி 5: ஒரு பருவம் நாமே அளப்பது

என் மனம் இதில்தான் நிற்கிறது. நீரளவு நிலையம் இல்லை என்றால் நிரந்தரமாகவே அளக்க முடியாது என்று பொருளல்ல. ஸ்வீடன் படுகைகளில் சோதித்துப் பார்த்தபோது, ஆண்டில் சில நாட்கள் மட்டும், சரியான தருணங்களில் எடுத்த அளவுகளே மாதிரியைத் திருத்துவதற்கு வியக்கத்தக்க அளவு உதவின. பத்துப் பதினைந்து அளவுகள் எடுத்தாலே நிலைமை மாறிவிடும்.

கோடை நீருக்கு 90 பாகை வி-நாட்ச் பலகை போதும், அதாவது ஓடையின் குறுக்கே வைக்கும், வி வடிவில் வெட்டிய பலகை. வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 20 செ.மீ. நின்றால் விநாடிக்குச் சுமார் 25 லிட்டர். 10 செ.மீ. நின்றால் சுமார் 4.4 லிட்டர். 10 செ.மீ. என்பது 7.6 ஆக இறங்கினாலே நீர் பாதியாகிவிட்டது என்று பொருள். அதனால் மில்லிமீட்டரைக் கவனித்துப் படியுங்கள், 20 செ.மீ. நீரில் ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் கணக்கில் 12 சதவீதத்துக்கு மேல் பிழை.

மழைக்காலத்தில் பாறையில் மோதி நுரைத்து ஓடும் நீருக்குப் பலகை ஆகாது. உப்பு முறை அதற்கென்றே பிறந்தது. சமையல் உப்பை எடைபோட்டுக் கரைத்து மேலே கொட்டி, நன்றாகக் கலக்கும் தூரம் தள்ளிக் கீழே மின்கடத்துத்திறன் மீட்டரைப் பிடித்தால், உப்பு கடந்துபோகும் வளைவிலிருந்து நீரளவு வந்துவிடும். நீர் எவ்வளவு குழம்புகிறதோ அவ்வளவு நல்லது. மிதவை விட்டும் பார்க்கலாம், மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கி. வெள்ளத்தின்போது ஓடைக்குள் யாரும் இறங்கக் கூடாது. கரையில் பாறையில் வண்ணக்கோடு போட்டு, மட்டத்தை மட்டும் எழுதுங்கள்.

எப்போது அளப்பது? ஐப்பசியில் பெருமழை விட்ட மறுநாளும் அடுத்த சில நாட்களும் நாலைந்து முறை. அப்புறம் மழை ஓய்ந்த தையிலிருந்து பங்குனி வரை வாரம் ஒருமுறை. இந்த இரண்டாவதுதான் பொக்கிஷம். மழையில்லாத நாட்களில் நீர் பாதியாக எத்தனை நாள் ஆகிறது என்பது, மெல்ல வடியும் கிடங்கைப் பற்றி ஓடையே தன் வாயால் சொல்வது. விடியற்காலையில் அளங்கள். எட்டு மணிக்கு மேல் காய்கறித் தோட்டத்து மோட்டார்களும் ஓஸ் குழாய்களும் நீரை இழுக்க ஆரம்பித்துவிடும். அந்தக் குறைவை மண்ணின் குணமாக மாதிரி எடுத்துக்கொள்ளும். மழையைக் காலை 8.30-க்குப் படிக்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். இன்று காலை எழுதும் மழையில் பெரும்பகுதி நேற்று பெய்தது. தேதி ஒருநாள் தள்ளினால் நான்காவது அளவுரு, அதாவது நீர் வந்து சேரும் காலம், பொய்யாகிவிடும். இவ்வளவு சிறிய மலை ஓடைக்கு அந்தக் காலம் சில மணி நேரம்தான் என்பதால், உச்சம் வேண்டுமென்றால் மணிக்கணக்கு மழையும் மணிக்கணக்கு மாதிரியும் தேவை.

மறைவான செலவுகளையும் சொல்லிவிட வேண்டும். காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். ஓடைக் கரையில் காட்டு மாடு நிற்கும், தனியாகப் போகக் கூடாது. ஒரு பெருவெள்ளம் பலகையை அடித்துக்கொண்டு போகும். இரண்டாவதற்கும் பணம் ஒதுக்குங்கள். இவற்றையெல்லாம்விடப் பெரியது, ஓர் ஆண்டு ஓர் ஆண்டுதான் என்பது. அந்த ஆண்டு வடகிழக்கு பொய்த்துப்போனால் வெள்ளத்தைப் பற்றி எதுவும் தெரியாமல் முடியும்.

அதனால்தான் இதைத் தனியாக விடாமல் இரண்டாம் வழியோடு இணைக்கச் சொல்கிறேன். ஒத்த படுகைகளிலிருந்து வந்த ஐந்து, எட்டு அளவுருத் தொகுதிகளை ஓட்டுங்கள். நீங்கள் அளந்த பதினைந்து புள்ளிகளோடு எவை ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். பாட்டி சொன்ன மாசி மாதத்தில் தாராளமாக நீர் காட்டும் தொகுதியைத் தள்ளுங்கள். மிஞ்சும் இரண்டு, மூன்று தொகுதிகள் ஓடையோடு பேசிப் பார்த்துத் தேர்ந்தவை.

மூவருக்கும்

சிறுபாலப் பொறியாளருக்கு: உங்களுக்கு உச்ச வெள்ளம் மட்டும் போதும், காத்திருக்க ஓர் ஆண்டு இல்லை. பரப்பிலிருந்து உச்ச வெள்ளத்தை மதிப்பிடும் ரைவ்ஸ் சூத்திரத்தில் மலையடிக்கான கெழு 10.2-ஐப் போட்டால் 4 சதுர கிலோமீட்டருக்கு விநாடிக்குச் சுமார் 26 கன மீட்டர் வரும். அதை ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் கர்வ் நம்பரை மூன்று எண்களில் குறுகிய கால மழையோடு ஓட்டுங்கள். பெரியதை எடுங்கள். மத்திய நீர் ஆணையத்தின் துணை மண்டல வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகள் நடுத்தரப் படுகைகளுக்கானவை, உங்கள் பள்ளம் அவற்றுக்குச் சிறியது. 2009-ல் நீர் எதுவரை ஏறியது என்று கரையில் வீடு வைத்திருப்பவரைக் கேட்டு, அந்த மட்டத்தோடு ஒப்பிடுங்கள். மலையில் பாலத்தை அடைப்பது நீரைவிட மரக்கட்டையும் உருண்டு வரும் கல்லும்தான். பாலத்தின் கண்ணை, அதாவது நீர் போகும் திறப்பை, அகலமாக விடுங்கள், இரண்டு குழாய்க்குப் பதில் ஒரே பெட்டி வடிவத் திறப்பாக வையுங்கள்.

குடிநீர்க் குழுவுக்கு: உங்களுக்கு மாதிரியே வேண்டாம். தையில் ஒரு வி-நாட்ச் பதியுங்கள். விநாடிக்கு 4.4 லிட்டர் காட்டி, மழையில்லாத 30 நாளில் 2.2 ஆனால், இன்னொரு 30 நாளில் ஏறக்குறைய 1.1 என்று எதிர்பார்க்கலாம். அது நாளுக்குச் சுமார் 95,000 லிட்டர். தலைக்கு 55 லிட்டர் என்று வைத்தால் சுமார் 1,700 பேருக்கு வரும், ஓடையில் ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் எடுத்தால். பாதியாவது கீழே இருப்பவர்களுக்கும் ஓடைக்கும் விட்டுவிட்டுத் தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள்.

மாணவிக்கு: இரண்டும் ஐந்தும் சேர்ந்த வழிதான் உங்களுடையது. இந்தப் புரட்டாசிக்குள் பலகையைப் பதித்துவிடுங்கள், எஸ்டேட் மழைமானிக்காரரிடம் இப்போதே பேசிவையுங்கள். ஓடைக் கரையில் யார் வீட்டுப் பாட்டி ஐம்பது ஆண்டாக அந்த நீரை மொண்டிருக்கிறார் என்றும் விசாரித்து வையுங்கள். ஐந்து நீரோட்டக் கோடுகளையும் வரைந்தபின் முதலில் அவரிடம் எடுத்துப் போங்கள்.